மன்னார்க் கிணறுகளும் மலேரியாவின் மறுவருகையும்

இலங்கையின் நோய் வரலாற்றை எழுதுவோர் 1934–35ஆம் ஆண்டுகளைத் தாண்டிச் செல்ல முடியாது. மழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஆற்றுப் படுகைகளில் தேங்கிய குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவுக்குப் பலியாயினர். பெருமளவு ஆற்றோர மக்களைத் தாக்கிய அந்தக் கொள்ளைக் காய்ச்சல், உலர் வலயத்தில் வாழ்ந்தோருக்கோ ஆண்டுதோறும் அறிமுகமான ஒன்றுதான். மன்னார் கரையும் அந்த உலர் வலயத்தைச் சேர்ந்ததே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்பு வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்துவிட்டதென்று தெளிப்பு கைவிடப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது. விளைவு என்ன? 1969ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். வெற்றி கைக்கெட்டும் வேளையில் காவலைக் கைவிட்டதன் விலை அது.

அடுத்த சோதனை யுத்தம். 1999இல் 2,64,549 பேருக்கு மலேரியா உறுதிப்படுத்தப்பட்டது. அதில் பெரும் பங்கு வடக்கு, கிழக்கினுடையது. ஆயினும் யுத்தத்தின் நடுவே மலேரியா தடை இயக்கத்தின் பணி முற்றாக நின்றுவிடவில்லை. நடமாடும் சிகிச்சை நிலையங்கள் காய்ச்சல்காரரைத் தேடிச் சென்று இரத்தம் பரிசோதித்தன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் மருந்தும் நுளம்பு வலையும் போய்ச் சேர்ந்தன. இரு தரப்பும் அதற்கு இடம் கொடுத்தன.

இந்த இடத்தில் விடத்தல்தீவை நினைக்காமல் இருக்க முடியாது. பெயரில் தீவு இருந்தாலும் அது மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள ஊர்; முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் முஸ்லிம்களும் வெளியேறினர். புத்தளம் பலருக்குப் புகலிடமாயிற்று. மருந்துப் பெட்டியும் பரிசோதனைக்கான இரத்தத் துளியும் காவலரண்களைக் கடக்க முடிந்த அக்காலத்தில், ஊரின் சொந்தப் பிள்ளைகளால் கடக்க முடியவில்லை. நோயை எதிர்ப்பதில் உடன்பட முடிந்தவர்களால் அயலவனை வாழ விடுவதில் உடன்பட முடியாமற் போனது நம் வரலாற்றின் கசப்பான முரண்.

யுத்தம் 2009இல் முடிந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கவனிக்க வேண்டியது, இது தடுப்பூசியால் வந்த வெற்றியல்ல என்பதே. உலகின் முதல் மலேரியாத் தடுப்பூசியான ஆர்.டி.எஸ்.,எஸ். 2021இலும், அதைவிட மலிவான ஆர் 21 என்பது 2023இலும்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றன. இரண்டும் குழந்தைகளுக்கானவை, ஆபிரிக்காவில் பெருமளவு உயிரைப் பறிக்கும் பல்சிபாரம் வகைக்கு எதிரானவை. நம் நாட்டில் அதிகம் கண்ட வைவாக்ஸ் வகையை அவை தடுப்பதில்லை. இரத்தப் பரிசோதனை, உடனடி மருந்து, நுளம்புக் கட்டுப்பாடு, சலியாத கண்காணிப்பு: இந்த நான்குமே நமது தடுப்பூசி.

சான்றிதழின் மை காயுமுன்னரே மன்னார் தீவு புதிய செய்தியைத் தந்தது. 2016 டிசம்பரில் அங்குள்ள கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பின் குடம்பிகள் கண்டறியப்பட்டன. இலங்கையில் அதுவே முதற்பதிவு. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. தென்னிந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடும். இது கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் நாடும். வீட்டு முற்றமே இதன் தொட்டில்.

இது வீண் பயமல்ல. செங்கடல் வாயிலிலுள்ள ஜிபூட்டியில் 2012இல் 27 மலேரியா நோயாளரே இருந்தனர். அவ்வாண்டில் இந்நுளம்பு அங்கே காணப்பட்டது. 2020இல் எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது. இலங்கையிலோ 2018 டிசம்பரில், மொனராகலையில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. விரைவாகக் கண்டுபிடித்துப் பரவாமல் தடுத்தார்கள். கிருமி வெளியிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. சுமக்கும் நுளம்பு உள்ளே காத்திருக்கிறது.

ஆகவே காவல் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். மாணிக்க வியாபாரத்துக்காக மடகஸ்காருக்கோ மொசாம்பிக்குக்கோ செல்வோர், புறப்படுமுன் தடுப்பு மாத்திரை பெற வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் பயண விவரத்தை வைத்தியரிடம் முதலிற் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய குடும்பங்களின் கிணறுகளையும், இன்னும் திரும்பாதோரின் வளவுகளிற் கேட்பாரற்றுக் கிடக்கும் கிணறுகளையும் மூடவோ, குடம்பி தின்னும் மீன் விடவோ வேண்டும். ஆளில்லாத வளவின் கிணற்றுக்கு யார் பொறுப்பு? மீள்குடியேற்றம் முழுமையடையாத ஊரில் இது சுகாதாரக் கேள்வி மட்டுமல்ல. மக்களை அவர்களின் கிணற்றடியில் திரும்பக் குடியமர்த்துவதும் நோய்த் தடுப்பில் ஒரு பகுதியே.