காதல் தோட்டம் (ரூபன்ஸ் ஓவியம்)

காதல் தோட்டம், பிளாண்டர்ஸ் ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் 1630-35 காலத்தில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். சுமார் 2 மீட்டர் உயரமும் 2.86 மீட்டர் அகலமும் உடையது. மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

சோலையில் காதலர் கூடிக் களிப்பது ஐரோப்பியக் கலையில் பழைய பொருள். இடைக்காலச் சுவடிகளிலும் சித்திரத் திரைச்சீலைகளிலும் அரசவை மாந்தர் பாட்டும் விருந்துமாகப் பொழுது போக்கும் காட்சிகள் ஏராளம். ரூபன்ஸ் அந்தச் சோலைக்குள் தம் காலத்து மனிதரையே கொண்டுவந்தார். பட்டும் சரிகையும் அணிந்த பெண்கள், அகன்ற தொப்பியும் இடையில் வாளுமாக ஆண்கள் என எல்லாம் அன்றைய நாகரிகம். 17ஆம் நூற்றாண்டில் இப்படத்துக்கு ‘நாகரிக உரையாடல்’ என்ற பொருளில் பெயர் வழங்கியதும் அதனாலேயே.

காட்சியை இடப்பக்கத்திலிருந்து பார்த்து வருவது நல்லது. அங்கே ஓர் ஆண், தயங்கி நிற்கும் பெண்ணின் இடையை அணைத்து அழைக்கிறான். சிறகுள்ள குழந்தை ஒன்று பின்னாலிருந்து அவளைத் தள்ளுகிறது. நடுவில் தரையில் அமர்ந்திருக்கும் பெண்களின் முகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மனநிலை தெரிகிறது. வலப்பக்கம் ஒரு ஜோடி தோளோடு தோள் சேர்ந்து படியிறங்கி வருகிறது. தயக்கத்தில் தொடங்கி இணைவில் முடியும் காதலின் படிநிலைகள் இவை என்பது பல ஆய்வாளர் கருத்து.

இது அரசவைச் சல்லாபமா, இல்லறக் காதலா என்பதே முக்கிய விவாதம். விடை சின்னங்களில் இருக்கிறது. மேலே பறக்கும் குழந்தைகள் தீப்பந்தம், மலர்மாலை, புறாக்கள், நுகம் ஆகியவற்றை ஏந்தியுள்ளன. நுகம் இருவரைப் பிணைக்கும் மணவாழ்வுக்குரியது. வலப்பக்க நீரூற்றில் வீனஸ் சிலை. அருகில் திருமணத் தெய்வமான ஜூனோவின் மயில். வெறும் கேளிக்கைக் காட்சிக்கு இத்தனை மணச் சின்னங்கள் வேண்டியதில்லை.

ஓவியரின் வாழ்க்கையும் இதற்கு ஒத்துப்போகிறது. முதல் மனைவி இசபெல்லா பிராண்ட் 1626இல் இறந்தபின், 1630 டிசம்பரில் பட்டு வணிகர் ஒருவரின் மகளான ஹெலனா ஃபோர்மெண்டை ரூபன்ஸ் மணந்தார். அவருக்கு வயது 53, ஹெலனாவுக்கு 16. உயர்குடியில் பெண் கொள்ளும்படி பலர் சொல்லியும் அதை மறுத்ததாகவும், தாம் தூரிகை எடுப்பதைக் கண்டு நாணாத மனைவியையே விரும்பியதாகவும் 1634இல் நண்பர் பெய்ரெஸ்குக்கு எழுதினார். படத்திலுள்ள வாயில் மண்டபமும் ஆண்ட்வெர்ப்பில் அவரது வீட்டில் இருந்ததை நினைவூட்டுகிறது.

இதைக் கொண்டு இடப்பக்க ஜோடி ரூபன்ஸும் ஹெலனாவுமே என்று சொல்வோர் உண்டு. அங்கே நிற்பவனோ இளைஞன்; ஐம்பதைக் கடந்த ஓவியர் அல்லர். பெண்களின் சாயல் ஹெலனாவை ஒத்திருப்பது உண்மையே. ஆனாலும் இதை ஒரு குடும்பப் படமாகக் கொள்வது மிகை.

இப்படம் பின்னர் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பிடம் சேர்ந்து, மாட்ரிட் அரண்மனையில் அவரது படுக்கையறையை அலங்கரித்தது. கிறிஸ்டோஃபெல் யெகர் செதுக்கிய மர அச்சுகளும் பிரதிகளும் இக்காட்சியமைப்பை வெளியே பரப்பின. ரூபன்ஸை ஆழ்ந்து கற்ற பிரெஞ்சு ஓவியர் வாட்டோ, 1717இல் பாரிஸ் கலைக்கழகத்தில் அளித்த சித்தேரா தீவு ஓவியம் இந்த மரபில் வந்தது. அவ்வகைப் படங்களுக்கு ‘காதல் விழாக் காட்சி’ என்ற தனிப்பிரிவு பிரான்சில் ஏற்பட்டது.