மாளிகை மன்றமான வரலாறு

மணிமுடி தரித்தோர் மாளிகை எழுப்பிய கதைகளை ஏராளமாகப் படித்திருக்கிறோம். மாளிகை கட்டி முடிந்த ஆண்டிலேயே மன்னரை அதன் வாயிலுக்கு அழைத்துக் கணக்குக் கேட்ட மக்களின் கதையை இன்று பார்ப்போம். நடந்த இடம் ஏதென்ஸ்.

துருக்கியப் பேரரசின் பிடியினின்றும் கிரேக்கர் குருதி சிந்தி விடுபட்டனர். விடுதலைக்குக் கிடைத்த பரிசு என்ன? புதிய மன்னர்! பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1832-இல் பவேரிய இளவரசர் ஓட்டோவை அரசராக்கின. 1833-இல் கிரேக்க மண்ணில் அவர் கால் வைத்தபோது வயது 17. மறு ஆண்டு ஏதென்ஸ் தலைநகராயிற்று.

அரண்மனையை எங்கே கட்டுவது? அக்ரோபாலிஸ் குன்றின் மீதே, பார்த்தினான் கோயிலுக்கு அருகிலேயே கட்டலாமென்று பிரஷ்யக் கலைஞர் ஷிங்க்கெல் வரைபடம் தந்தார். நல்ல வேளையாக அது தாளோடு நின்றது. 1836-இல் வேறோரிடத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டட அமைப்பாளர் கெர்ட்னர் என்ற ஜெர்மானியர். நேரிய சுவர்கள், ஒழுங்காக அடுக்கிய சன்னல்கள், முகப்பிலே டோரிக் தூண்கள், மிகையான அணி வேலைப்பாடு ஏதுமில்லை. பண்டைக் கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் ஒழுங்கைப் புதுப்பித்த இம்முறையைப் புதுச்செவ்வியல் பாணி என்பர்.

வேடிக்கையைப் பாருங்கள்! பழைய ஏதென்சிலே குடிமக்கள் கூடிப் பேசி முடிவெடுத்தனர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் மன்றம் என்ற கருத்து அங்கே வேரூன்றியிருந்தது. ஓட்டோ அந்நகரின் தூண்களை இரவல் வாங்கினார், மன்றத்தை மறந்தார். அரசியல் சட்டமின்றியே ஆண்டார்.

1843-இல் மாளிகை முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், கல்லெர்கிஸ் தலைமையில் படைவீரரும் அவர்களோடு பொதுமக்களும் மாளிகை முன் திரண்டனர். "அரசியல் சட்டம் வேண்டும்!" என்பதே கோரிக்கை. மன்னர் இணங்கினார். 1844-இல் சட்டம் பிறந்தது. மாளிகை முன்னுள்ள சதுக்கத்துக்குச் 'சின்டாக்மா' என்று பெயர்; பொருள், அரசியல் சட்டம். 1862-இல் எழுந்த கிளர்ச்சியில் ஓட்டோ முடியிழந்து நாடு நீங்கினார். 1935 முதல் அம்மாளிகை நாடாளுமன்றமாயிற்று.

அத்துடன் கதை முடியவில்லை. 1967 முதல் 1974 வரை படை அதிகாரிகள் நாடாளுமன்றமின்றி ஆண்டனர். தூண்கள் அப்படியேதான் நின்றன, தடுத்து நிறுத்தவில்லை! அவ்வாட்சி வீழ்ந்தபின், 1974 டிசம்பரில் மக்கள் வாக்களித்து முடியாட்சிக்கே முடிவு கட்டினர்.

கல்தூண் கூரையைத் தாங்கும், தோழர்களே! குடியாட்சியைத் தாங்க வேண்டியவர்கள் சதுக்கத்திலே நிற்கும் மக்கள்தாம்.