குடிலில் முளைத்த புல்: நம் கடற்கரைப் பெண்களின் ஒரு கைவேலை வரலாறு

மலருக்குத் தொழில் வரலாறு பற்றி ஏதாவது எழுதித் தாங்க என்று கூட்டமைப்புச் செயலாளர் கேட்டபோது முத்து, சங்கு, உப்பு, துறைமுகம் என்று நாலும் மனசுக்குள் வந்தது. அதையெல்லாம் எழுத ஆட்கள் உண்டு. நான் எழுத நினைத்தது வேறு. கிறிஸ்துமஸ் குடிலிலும் நவராத்திரிக் கொலுவிலும் நாம் வைக்கிற குட்டிப் புல்வெளி, குட்டி மரம், குட்டி வேலி பற்றித்தான். பத்து நாள் அலங்காரம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இதில் நம் வீட்டுப் பெண்களின் உழைப்பு பல தலைமுறையாக இருக்கிறது. அது எந்த நோட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. எங்கள் குழு இதைத் தொழிலாக எடுத்து, அதில் ஒரு அடியும் பட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

முளைப்பாரியும் குடில் புல்லும்

குடில் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகர் புனித பிரான்சிஸ் என்பார்கள். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்ற மலை ஊரில், நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்து இயேசு பிறந்த காட்சியை அவர் மக்களுக்குக் காட்டினார். அங்கே குட்டி மரத்துக்கு வேலை இல்லை. காலப்போக்கில் குடில் சின்ன உருவங்களாகி வீட்டுக்குள் வந்தது. ஒரு சாண் உயர ஆட்டிடையனுக்குப் பக்கத்தில் நிஜச் செடி நின்றால் அது ஆலமரம் மாதிரி தெரியும். அதனால் புல், மரம், வேலி எல்லாவற்றையும் சின்னதாகச் செய்யும் கலை கூடவே வளர்ந்தது.

புல்லுக்கு உலகம் முழுக்கப் பெண்கள் கண்ட வழி ஒன்றுதான்: தானியத்தைத் தட்டில் முளைக்கப் போடுவது. பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று கோதுமையை விதைத்து, முளைத்ததும் குடிலருகே வைப்பார்கள். குரோவேஷியாவில் டிசம்பர் 13, புனித லூசியா திருநாளன்று விதைப்பார்கள். போர்த்துக்கல் நாட்டின் தெற்கிலும் மதீரா தீவிலும் குழந்தை இயேசுவைச் சுற்றிக் கோதுமை நாற்றுக் கிண்ணம் வைப்பது உண்டு. நம் நாட்டில் கோவாக்காரர்கள் கேப்பையை முளைக்க வைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னாலேயே, ஏறக்குறைய 2,400 வருஷத்துக்கு முன், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் உடைந்த பானை ஓட்டில் சீக்கிரம் முளைக்கும் விதையைப் போட்டு, வீட்டு மாடியில் வைத்து ஒரு விழா எடுத்திருக்கிறார்கள்.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர் 1530-களில் கத்தோலிக்க மறையில் சேர்ந்தார்கள். 1542-இல் புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். குடில் அந்த மறையோடு வந்த வழக்கம். ஆனால் அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போடத் தெரிந்த இந்த மண்ணில் குடில் புல் போடுவது யாருக்கும் புதுசு இல்லை. எங்க ஆச்சி குடிலுக்கு விதைப்பதும் பக்கத்து வீட்டு மைனி முளைப்பாரிக்கு விதைப்பதும் ஒரே கைப்பாங்குதான். வித்தியாசம் ஒன்று உண்டு. முளைப்பாரியைக் கடைசி வரை இருட்டறையில் வைப்பார்கள், முளை வெளிர் மஞ்சளாக ஓங்கி வளரும். குடில் புல்லை மூன்று நாள் இருட்டில் வைத்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுவருவோம், பச்சை பிடிக்கும். “ஏட்டி, நாலாம் நாளுக்கு மேல மூடி வச்சா குடிலுக்கு ஆகாது” என்று ஆச்சி சொல்வது இன்னும் காதில் இருக்கிறது.

கடலில் இருந்து வந்த மரம்

புல் சரி, மரம்? எங்க தாத்தா முத்துக்குளித்தவர். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன் பிறகு எங்க அப்பா சங்குகுளிக்கப் போனார். பாரில் இருந்து வரும்போது சில நாள் கையில் கடல் விசிறி ஒன்று இருக்கும். செம்மண் நிறத்திலும் மஞ்சளிலும் கிளை கிளையாக விரிந்து, இலை உதிர்ந்த மரம் மாதிரியே இருக்கும். காயவைத்துக் களிமண்ணில் நட்டுவிட்டால் பெத்லகேமில் ஒரு தோப்பு ரெடி. எனக்குப் பத்து வயதில் எங்கள் தெருக் குடில்களிலேயே அழகானது எங்க வீட்டுக் குடில்தான் என்று பெருமை.

அது மரம் இல்லை, உயிருள்ள பிராணிகள் கூட்டமாக வாழ்கிற வீடு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம். 2001-இல் பவளப்பாறைகளையும் கடல் விசிறிகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. குடிலுக்கு எடுத்த விசிறி கொஞ்சம்தான். ஆனாலும் பார் செழித்தால்தான் மீன், மீன் வந்தால்தான் நம் வீட்டில் உலை. இப்போது யாராவது பழைய ஆசையில் கடல் விசிறி கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும்

கொலு வைக்கும் வீடுகளில் ‘பார்க்’ கட்டுவது ஒரு தனிக் கலை. அங்கே கடுகும் கேப்பையும் முளைக்கப் போடுவதோடு, மர அறுவை மில்லில் தூள் வாங்கிப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்துப் பரப்புவார்கள். வெளிநாட்டில் குட்டி ரயில் ஓட்டி விளையாடுகிற பெரியவர்கள் உண்டு. அவர்களும் ரொம்ப காலம் சாயமேற்றிய மரத்தூளைத்தான் புல்லாகப் போட்டார்கள். மரத்துக்கு, நார்வே பக்கம் வளரும் ஒருவகைப் பாசியை வாங்கினார்கள். நாம் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசிக்கு அது தூரத்துச் சொந்தம். இப்போது பொடி நாரைப் பசைமேல் தூவி, மின்சாரத்தால் நட்டுக்குத்தலாக நிற்கவைக்கிற கருவியே வந்துவிட்டது.

நம் ஊருக்கு வந்தது பிளாஸ்டிக் புல்விரிப்பும் தெர்மாகோலும். கடையில் வாங்கி விரித்தால் வேலை முடிந்தது. நானும் வாங்கியிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் உதிர்கிற துணுக்கு வாறுகால் வழியாகக் கடலுக்குத்தான் போகும். அதோடு, ஆச்சிக்குத் தெரிந்த வித்தை என் மகளுக்குத் தெரியாமல் போனது.

2023 டிசம்பர்

இதைத்தான் எங்கள் குழு 2022-இல் தொழிலாக எடுத்தது. முதல் வருஷம் ஒரு தட்டுப் புல் 60 ரூபாய் என்று கொடுத்தோம். தானியம், தட்டு, சாயம் எல்லாம் கணக்கில் எழுதினோம். பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்த கைக்கு ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. வீட்டு வேலைதானே என்ற நினைப்பு. லாபம் என்று நாங்கள் பங்குபோட்டது எங்கள் கூலியைத்தான்.

அடுத்த வருஷம் கூலியும் சேர்த்து 110 ரூபாய் வைத்தோம். 40 தட்டுக்கு ஆர்டர் வந்தது. உள்கடன் 8,000 எடுத்து, டிசம்பர் 14-இல் கேப்பை விதைத்தோம். 17, 18-ஆம் தேதி பெய்த மழை உங்கள் எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தட்டு அத்தனையும் போனது. தெர்மாகோல் மலை மிதந்து எங்கேயோ போய்விட்டது. கம்பி மரங்களில் பாதி சேற்றில் கிடைத்தது.

எங்க அம்மாவுக்கு அப்போது 79 வயது. பக்கத்து மாடியில் உட்கார்ந்துகொண்டு, “கேப்பைக்கு இனி நாள் இல்ல. கம்பு இருந்தா ஊறப்போடு, ஆறே நாள்ல வரும்” என்றார்கள். கோழிக்கு வாங்கி மேலே வைத்திருந்த கம்பு இருந்தது. 19-ஆம் தேதி இருந்த தட்டு, சிரட்டை, உடைந்த பானை ஓடு எல்லாவற்றிலும் அந்த மாடியிலேயே விதைத்தோம். சோறு பொட்டலமாக வந்த நாளில் புல் வளர்க்கிறார்களே என்று சிரித்தவர்களும் உண்டு. 24-ஆம் தேதி 16 தட்டு, மூன்று விரல் உயரம் வந்தது. ஆர்டர் தந்தவர்களில் 11 பேர் வாங்கிக்கொண்டார்கள். ஐந்தைத் தண்ணீர் புகுந்த வீடுகளுக்குச் சும்மா கொடுத்தோம். கடனை அடைக்க அடுத்த ஆகஸ்ட் ஆனது.

செய்முறையும் கணக்கும்

அம்மாவுக்குத் தெரிந்தது அம்மாவோடு போகக்கூடாது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

புல்: கேப்பையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் விதைக்கவும். கடற்கரை மணல் ஆகாது, உப்பு முளையைக் கருக்கிவிடும். எருப்பொடியோ தென்னை நார்த்தூளோ போதும். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளிக்கவும், ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கி அழுகும். மூன்று நாள் மூடிவைத்துப் பிறகு காலை வெயில் காட்டவும். கேப்பைக்குப் பத்து நாள், கம்புக்கு ஆறு நாள்.

மரம்: பத்து மெல்லிய கம்பியை முறுக்கி, மேலே கிளையாகப் பிரித்து, மைதாப் பசையில் காகிதம் சுற்றி, வர்ணம் அடித்து, பசை தடவிப் பச்சைச் சாயமிட்ட நார்த்தூளில் உருட்டவும். காய்ந்த துளசிக் கதிரும் குட்டி மரமாகும். பனைக்கு ஓலையும் ஈர்க்குமே போதும்.

வேலி: முற்றிய பீர்க்கங்கூட்டைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து நீளமாக நறுக்கவும்.

போன வருஷம் எங்கள் தீர்மான நோட்டில் மூன்று வரி எழுதினோம். விதைப்பது இரண்டு வீட்டில், அதில் ஒன்று மாடி வீடாக இருக்கணும். ஐந்து கிலோ கம்பு எப்போதும் கையிருப்பு வேணும். தண்ணீர் தெளிப்பவருக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கூலி முதலில் எழுதணும், தானிய விலை அதற்குக் கீழே. கொலுவுக்கும் குடிலுக்கும் சேர்த்து மற்ற குழுக்களும் இதில் இறங்கினால், விதைக்கவும் மரம் முறுக்கவும் கற்றுக்கொடுக்க நாங்கள் வருகிறோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோ மட்டும் அனுப்பணுமாம்.