பழைய பிக்கப்பில் கியர்பாக்ஸ் சூடேறுகிறதா? பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேமரன் மலை போன்ற மேட்டுச் சாலைகளில் பாரம் ஏற்றிச் செல்லும் பழைய ஆட்டோ கியர் பிக்கப் வாகனங்களில் சில அறிகுறிகள் தோன்றுவது உண்டு. கியர் தாமதமாக விழும். என்ஜின் சத்தம் கூடியும் வண்டி வேகம் எடுக்காது. கருகிய வாடை வரும். உடனே கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க முடிவெடுப்பவர்கள் பலர். ஆனால், கோளாறு கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் பாதையிலும் இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் ஓவர்ஹால் செய்தால் புதிய பாகங்களும் சூட்டில் கெட்டுவிடும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

என்ஜினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். பாரத்துடன் மெதுவாக மேடேறும்போது அதற்குள் எண்ணெய் வழுக்கிச் சுழன்று கடுமையாகச் சூடேறும். அந்த எண்ணெய் பெரும்பாலான வாகனங்களில் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலர் வழியாகச் சென்று குளிர்ந்து திரும்பும். ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இயல்பான சூடு. 120 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் விரைவில் கெடும். ரப்பர் சீல்கள் இறுகும். கிளட்ச் தகடுகள் கருகும்.

சோதிக்கும் வரிசை

1. எண்ணெய்: அளவுகோல் உள்ள வாகனங்களில் கையேட்டில் சொன்ன முறைப்படி அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தாலும் தவறு, கூடினால் நுரைத்துச் சூடேறும். நல்ல எண்ணெய் பெரும்பாலும் தெளிவான சிவப்பு நிறத்தில் இருக்கும். கரும்பழுப்பு நிறமும் கருகிய வாடையும் இருந்தால் ஏற்கெனவே அதிகம் சூடேறியிருக்கிறது. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்துவிட்டது. அதன்பின் வண்டியை ஓட்டவே கூடாது. இழுவை வண்டியில்தான் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2. ரேடியேட்டர்: ஏர்கோண்ட் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேறு, பூச்சி, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிறி கிளட்ச் தளர்ந்திருந்தாலும் காற்று போதாது. என்ஜின் சூடும் ஏறினால் முதலில் என்ஜின் குளிர்விப்பைச் சரி செய்ய வேண்டும்.

3. குழாய்கள்: நசுங்கிய இரும்புக் குழாய், உப்பிய ரப்பர் குழாய், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

4. வெப்ப வேறுபாடு: வண்டி நன்றாகச் சூடான பிறகு, அகச்சிவப்பு வெப்பமானியால் கூலருக்குள் செல்லும் குழாயையும் வெளிவரும் குழாயையும் அளக்கலாம். வெளிவரும் குழாய் தெளிவாகக் குறைந்த சூட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் கூலர் வெப்பத்தை வெளியேற்றவில்லை.

5. ஓட்டம்: கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிடுவது பட்டறைகளின் பழைய சோதனை. ஏறக்குறைய 20 முதல் 30 வினாடிகளில் 1 லிட்டர் வந்தால் நல்லது. அந்த அளவு வந்ததும் என்ஜினை நிறுத்தி, வெளியேறிய அளவுக்கு எண்ணெய் நிரப்ப வேண்டும். ஓட்டம் குறைவாக இருந்தால் கூலருக்கு முன்னால் உள்ள குழாயில் அதே சோதனையைச் செய்யலாம். அங்கே நன்றாக வந்தால் கூலரில் அடைப்பு. அங்கேயும் குறைவென்றால் ஃபில்டர், பம்ப் அல்லது கியர்பாக்ஸின் உட்பகுதியைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் என்பதால் அனுபவமுள்ள மெக்கானிக்கே இதைச் செய்வது நல்லது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால், டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் பிடிக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கலாம். கியர்பாக்ஸைப் பிரிக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

பழுதுக்குப் பின்

கியர்பாக்ஸ் ஏற்கெனவே கெட்டிருந்தால் உலோகத் துகள்கள் கூலரில் தங்கியிருக்கும். ஓவர்ஹால் செய்யும்போது கூலரையும் குழாய்களையும் கழுவ வேண்டும். முடியாவிட்டால் கூலரை மாற்ற வேண்டும். அடிக்கடி பாரம் ஏற்றுபவர்கள், காற்று படும் இடத்தில் கூடுதல் கூலர் ஒன்றைப் பொருத்தலாம். எண்ணெய் எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மேட்டில் ஓவர்டிரைவை அணைத்துக் குறைந்த கியரில் ஏறுவது சூட்டைக் குறைக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ‘பி’ நிலையில் வைத்து, என்ஜின் சூடு இயல்பாக இருந்தால் சில நிமிடங்கள் ஓடவிடலாம். எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றிக் குளிரும். விளக்கு மீண்டும் மீண்டும் எரிந்தால் பாரத்தை இறக்கிவிட்டுப் பட்டறைக்குச் செல்வதே செலவைக் குறைக்கும் வழி.