பாய் 3, ரூ. 45

பத்தமடைக்குப் பக்கத்துக்காரன் நான். எங்கள் பக்கம் கோரைப்பாய் நெய்கிறவர்கள் முஸ்லிம்கள். அவர்களைக் கூப்பிடுவதும் பாய் என்றுதான். பாய் வீட்டில் பாய் வாங்கி வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லில் தடுமாற்றம் வந்திருக்கக் கூடாது. கொச்சி மட்டாஞ்சேரியில் வந்தது.

1981இல் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் கணக்கெழுதச் சேர்ந்தேன். முதலாளி குஜராத்தின் கட்ச்சிக்காரர். சிட்டையைத் தமிழில் எழுதி, சாயங்காலம் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் ஊருக்குப் போயிருந்த அன்று பக்கத்துக் கிடங்குத் தமிழர் படித்திருக்கிறார். ‘பாய் 3, ரூ. 45.’ சுக்கு காயப்போட வாங்கிய மூங்கில் பாய். அவரோ பஜார் பழக்கத்தில் மூச்சை அழுத்தி, அண்ணன் தம்பியைச் சொல்லும் ‘பாயி’யாக வாசித்துவிட்டார். திரும்பி வந்ததும் முதல் கேள்வி: “ஆரா ஈ மூணு பாயி?” யாரோ மூன்று பேருக்குக் காசு கொடுத்துவிட்டேனாம்!

குற்றம் எழுத்தில். நம் ஒரே ‘ப’ நான்கு ஒலிகளைச் சுமக்கிறது. மட்டாஞ்சேரியின் செறளாயிப் பகுதிக் கொங்கணிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களில் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் மூவரும் 1675இல் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற தாவர நூலுக்குக் கொங்கணியில் எழுதிய சான்று, 1678இல் ஆம்ஸ்டர்டாமில் நாகரி எழுத்திலேயே அச்சேறியது. நாகரியில் நான்குக்கும் நான்கு எழுத்து. கொங்கணியில் ‘பாயு’ என்றால் கால். ‘ப’வை அதிரவிட்டு, மூக்கோடு சேர்த்து முடித்தால் கிணறு. மராட்டியில் ‘பாயி’ பெண். போர்ச்சுகீசில் அப்பா! போர்ச்சுகீசியரின் கொச்சி ஆட்சி 1663இல் டச்சுக்காரரிடம் போனது. போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற கலப்பு மொழியோ வைப்பின் தீவில் 2010 வரை மூச்சுவிட்டது. அந்த ஆண்டு வில்லியம் ரொசாரியோ இறந்ததோடு அதைத் தாய்மொழியாகப் பேச ஆளில்லை.

பாதம், பிதா, பிராதா என்று வேர் தேடினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குப் போகும். நம் பாயோ விரிப்பு. கப்பலில் கட்டினாலும் அதே பாய். கட்ச்சிக்காரர்களைக் கொண்டுவந்ததும் அந்தப் பாய்தான். இப்போது வங்காளத்திலிருந்து ரயிலேறி வரும் வேலைக்காரப் பையன்களையும் கேரளம் ‘பாயி’ என்றே கூப்பிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் வெறும் ‘பாய்’ என்று சிட்டையில் எழுதியதே இல்லை. மூங்கில் பாய் வாங்கினாலும் ‘கோரைப்பாய்’தான்.