யன்னலோரத் தையல் இயந்திரம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் வீடுகளில் யன்னலோரத்து வெளிச்சம் தையல் இயந்திரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் கால்மிதியுள்ள கறுப்புச் சிங்கர். பாடசாலையின் நூற்றாண்டை எழுதும்போது அதையும் எழுதத்தான் வேண்டும்.

சிங்கர் நிறுவனம் 1877இல் கொழும்புக்கு வந்தது. தவணை முறையில் விற்றபடியால் நடுத்தர வீடுகளுக்கும் இயந்திரம் எட்டியது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் 1933இல் செய்த வேலைநிறுத்தம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதே ஊரில் வீட்டுக்குள் இருந்து தைத்த பெண்களைப் பற்றி அவ்வளவாக எவரும் எழுதவில்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் துணிக்குத் தட்டுப்பாடு. அம்மம்மாமார் பழைய சேலையை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியது. ஏற்றுமதி ஆடைகளில் மிஞ்சிய துணிகள் புறக்கோட்டையில் கட்பீஸாக விலைப்பட்டன. லினன் துணி எங்கள் வீடுகளுக்கு வந்ததும் அந்த வழியால்தான்.

1983 ஆடியில் வீடுகளோடு இயந்திரங்களும் எரிந்தன. நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். மீண்டும் கொழும்பில் குடியேறியபோது எங்கள் தாய்மாரில் சிலர் அடுப்புக்கு அடுத்ததாக வாங்கியது தையல் இயந்திரத்தைத்தான். அயல் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை தைத்து எங்கள் ரியூசன் காசைக் கட்டினார்கள். 1993இல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. துணி கிடைத்தது, தைப்பதற்கு ஆள் வேண்டுமே! அம்மாமாருக்கு வேலை கூடியது.

நாங்களோ விஞ்ஞானம் படிக்கப் போகிறோம் என்று தையலைக் கைவிட்டோம். "கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தையல் எதற்கு?" என்று நாங்களே சொன்னோம். இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது. மருத்துவ மாணவிகளாக முதன்முதலில் காயத்துக்குத் தையல் போட்டபோது நினைவுக்கு வந்தது அம்மாவின் குரல்தான்: "இழுத்து இறுக்காதை பிள்ளை, துணி சுருங்கும்." காயத்தின் விளிம்பும் அப்படித்தான். அதிகம் இறுக்கினால் இரத்தவோட்டம் குறையும், ஆறாது.

2020 ஊரடங்கில் அம்மாவை அருகில் இருத்தி வீட்டுக்கு உடுக்க லினன் மேற்சட்டை ஒன்று தைத்தோம். 2 மீற்றர் துணி. லினன் சுருங்குமென்பதால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும் என்றார். மார்பளவுக்கு மேல் 4 அங்குலம் தளர்வு, இரு பக்கமும் வெட்டு, ஒரு பை. கமக்கட்டில் இறுக்காது, வியர்வையை உறிஞ்சும். வாட்டிலிருந்து களைத்து வந்து மாற்ற அதைவிட இதமான உடுப்பு எங்களிடம் இல்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் தோழியரே, உங்கள் சீருடையைத் தைத்தது யார்? அவர்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். பரிசு பெற்றவர்களின் பட்டியல் பாடசாலையில் இருக்கிறது. எங்களைப் படிக்க வைத்த தையற்காரிகளின் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.