இரண்டு பூட்டுகள், ஒரே நூறு

இன்டெலின் செலரான் 300ஏ சிப் 1998 ஆகஸ்டில் வந்தது. கோர் ஐ5-2500கே 2011 ஜனவரியில் வந்தது. முன்னதில் ஒரே கோர், பின்னதில் நான்கு. முன்னது 250 நானோமீட்டர், பின்னது 32. சிப்பை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பித்துப் பிடித்தவர்கள் இவ்விரண்டின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது வெறும் பழைய பாசம் என்றே முதலில் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உறவுமுறை தெரிகிறது.

சிப்பின் வேகம் என்பது பஸ் கடிகாரத்தை மல்டிபிளையரால் பெருக்கி வருவது. செலரானில் மல்டிபிளையர் 4.5 என்று ஆலையிலேயே பூட்டப்பட்டிருந்தது. கை வைக்க இடமிருந்தது பஸ்ஸில் மட்டும். அதை 66-இலிருந்து 100-க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகும். 2500கே-யில் அடிப்படைக் கடிகாரம் 100-ஐ விட்டு நகரக்கூடாது. கை வைக்க இடமிருந்தது மல்டிபிளையரில். அதை 33-இலிருந்து 45-க்கு ஏற்றினால் 3.3 கிகாஹெர்ட்ஸ் 4.5 ஆகும். அங்கே பூட்டியது இங்கே திறந்திருக்கிறது, இங்கே பூட்டியது அங்கே. பலரும் போய் நின்ற இடமோ அங்கே 4.5 × 100, இங்கே 45 × 100. எண்கள் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான். இரண்டுமே 100-ஐப் பற்றி நின்றதற்கு மட்டும் காரணம் உண்டு.

அன்றைய 440பிஎக்ஸ் மதர்போர்டில் பிசிஐ கார்டுகள் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பஸ் 66 என்றால் இரண்டால் வகுபடும், 100 என்றால் மூன்றால் வகுபடும். இரண்டிலும் விடை 33. 'கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்போம்' என்று 75-லோ 83-லோ நிறுத்தியவருக்கு வகுஎண் இரண்டிலேயே நின்றுவிடும், பிசிஐ 37.5, 41.5 என்று எகிற, ஹார்ட் டிஸ்க்கும் சவுண்டு கார்டும் தடுமாறும். அடக்கமான ஏற்றத்தைவிடத் துணிச்சலான ஏற்றமே பத்திரமானது என்ற விசித்திரம் இங்கிருந்து வருகிறது. 2500கே-யிலும் இதே கதைதான். சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் முதலானவற்றுக்கும் அதே ஒற்றைக் கடிகாரம் என்பதால், 100-ஐ 105-ஆக்குவதற்குள்ளேயே பல கணினிகள் முரண்டு பிடித்தன. ஆக, அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் தான் மட்டும் வேகமெடுப்பதே இரண்டிலும் வித்தை.

பலனில் இரண்டும் பிரிகின்றன. செலரானில் பஸ்ஸோடு நினைவகமும் சேர்ந்து வேகமெடுத்தது. 50 சதவீத உயர்வு நினைவகம் வரை பரவியது. 2500கே-யில் கோர்களும் அவற்றோடு ஓடும் எல்3 கேஷும் மட்டுமே ஏறின. உயர்வு காகிதத்தில் 36 சதவீதம். ஆனால் டர்போ ஏற்கெனவே 3.7 வரை தானாகத் தொட்டுவிடும் என்பதால் உண்மையான லாபம் அதைவிடக் குறைவு. இந்தச் சுற்றில் வெற்றி கிழவருக்கே.

அனுமதி விஷயத்தில்தான் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வேகம் குறைந்த சிப்பில் உயர்ந்த எண்ணை அச்சிட்டு விற்ற வியாபாரிகள் அக்காலத்தில் இருந்தார்கள். மல்டிபிளையர் பூட்டு அவர்களுக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு. அதைத் தாண்டும் வழி சிரிப்பை வரவழைக்கும். ஸ்லாட் 1-இல் செருகும் விளிம்பில் பி21 என்றொரு தொடுமுனை உண்டு. அது தரையிணைப்பில் இருந்தால் போர்டு 66 என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஒற்றைப் பொன்னிறக் கோட்டின் மேல், பக்கத்துக் கோட்டில் படாமல், மெல்லிய டேப் துணுக்கு ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். போர்டு 100 என்று நம்பிவிடும். ஏபிட் பிஎச்6 போர்டு வைத்திருந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம், பயாஸிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

2500கே-யில் இந்தக் கள்ளத்தனத்துக்கு வேலையே இல்லை. சாதா 2500-இன் அறிமுக விலை 205 டாலர், கே சேர்ந்தது 216. பதினொரு டாலருக்கு அனுமதி விலைக்கே வந்துவிட்டது. கூடவே விடி-டி என்ற மெய்நிகராக்க வசதியைக் கழற்றிவிட்டு, மேம்பட்ட உள் கிராஃபிக்ஸைச் சேர்த்தார்கள். வேகம் கூட்ட வழிவிட்ட பி67 போர்டிலோ அந்தக் கிராஃபிக்ஸுக்கு வெளியேறவே வழியில்லை! இசட்68 வரும்வரை அந்த வேடிக்கை நீடித்தது.

விலை மலிவே பலமானதிலும் ஓர் ஒற்றுமை உண்டு. செலரானோடு அதே நாளில் வந்த பென்டியம் 2-450-க்கு 669 டாலர், செலரானுக்கு 149. பென்டியத்தில் 512 கேபி கேஷ் தனிச் சிப்புகளில் பாதி வேகத்தில் ஓட, செலரானின் 128 கேபி சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது, சிக்கனமே சிறகானது. 2500கே-யும் 317 டாலர் ஐ7-2600கே-யோடு ஒப்பிட்டால் ஹைப்பர்-த்ரெடிங்கையும் 2 எம்பி கேஷையும் இழந்தது. அன்றைய விளையாட்டுகளில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

ஆயுளில் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2000 மார்ச்சில் ஏஎம்டி அத்லான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டபோது, செலரான் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பாடுபட்டு ஏற்றிய 450 அதில் பாதிகூட இல்லை. 2500கே-க்குப் பிறகோ தொழில்துறையே மெதுவாக நடந்தது. மேசைக் கணினி ஐ5-க்கு ஆறு கோர் கிடைத்தது 2017 அக்டோபரில்தான். அதுவரை 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடிய நான்கு கோர்களை மாற்ற யாருக்கும் அவசரம் வரவில்லை.